கொண்டைக்கடலை அளவு சாட்சி

புனிதன் தன் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தான். நான் அதற்குப் பக்கத்தில் பருப்புக் குழம்பை வைத்தேன். வைத்தது தப்பு. ஆள்காட்டி விரலுக்கு அடியில், உள்ளங்கை தொடங்குகிற இடத்தில், தோலுக்குள் ஒரு கொண்டைக்கடலை உட்கார்ந்திருந்தது.

"விரல மடக்கு," என்றார் தாஹிராக்கா.

மடக்கினான். கொண்டைக்கடலை நகர்ந்தது. நான் குழம்பைத் தூரமாகத் தள்ளி வைத்தேன்.

"அக்கா, இதுக்கு உயிர் இருக்கு," என்றேன்.

"உன்னவிட சுறுசுறுப்பாத்தான் இருக்கு. போய் நாலு தே கலக்கு."

ரிங்லெட் டவுனில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் முன்பக்கம் தாஹிராக்காவின் கணவர் ஸுல்கிஃப்லிக்கு. கல்லா, ரொட்டிக் கல், மீன் தலைக் கறி எல்லாம் அவர் ஆட்சி. கடைசி மேசை மட்டும் அக்காவுக்கு. ஈப்போவில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் காயங்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர் அவர். கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகும் அந்தக் கண் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. நான் ராஜு. அறந்தாங்கியிலிருந்து கடல் தாண்டி ரொட்டி போட வந்தவன். என் பர்மிட்டில் 'சமையல் உதவியாளர்' என்றுதான் இருக்கிறது. 'துப்பறியும் உதவியாளர்' என்று எங்கேயும் இல்லை. இமிக்ரேஷன்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வழக்கிலும் எனக்கு ஒரு கவலை தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

"இது கடையா, போலீஸ் ஸ்டேஷனா?" கல்லாவிலிருந்து ஸுல்கிஃப்லி அண்ணன் குரல் கொடுத்தார்.

"ரெண்டும்தான் லா. நீங்க சில்லறைய பாருங்க," என்று திரும்பாமலே பதில் சொன்னார் அக்கா.

புனிதனை இழுத்துக்கொண்டு வந்தவள் தனுஜா. டவுன் கிளினிக் ஒன்றில் வேலை. இரண்டு பேருக்கும் நிச்சயம் முடிந்து, மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது.

"அக்கா, நாளைக்கு எஸ்டேட்ல முனியாண்டி பூச. இவரு அங்க எல்லாரு முன்னாடியும் கற்பூரத்த வெறுங்கையால அணைச்சு சத்தியம் பண்ணணுமாம். பூசாரி கருப்பையாண்ணே சொல்லிட்டாரு. எங்கம்மா அதுக்கும் மேல. சத்தியம் பண்ணாலும் சரி, கையில அந்த அடையாளம் இருந்தா பொண்ணு கெடையாதுன்னுட்டாங்க."

"என்னா அடையாளம்?"

"முனி வெச்ச அடையாளமாம்."

கதை இதுதான். தனுஜாவுக்கு வேலை கிடைத்தால் முனியாண்டிக்கு ஒரு சேவல் என்று அவள் அம்மா காளியம்மா வேண்டிக்கொண்டார். வேலை கிடைத்தது. சேவலும் குஞ்சிலிருந்து வளர்ந்தது. எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் யார் எங்கே போனாலும் பின்னாலேயே போய்க் கண்காணித்ததால் அதற்குக் கங்காணி என்று பேர். தபால்காரரை விரட்டியிருக்கிறது. ஒருமுறை எஸ்டேட் குமாஸ்தாவான கிராணியை அவர் மோட்டாரோடு சேர்த்துத் தேயிலைக்குள் இறக்கியிருக்கிறது. போன வருஷ பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தக் கங்காணி காணாமல் போனது.

"எடுத்தவன் கைய முனி காட்டிக் குடுக்கும்," என்று கருப்பையா அன்றைக்கே சொல்லிவிட்டாராம். லயமே எல்லார் கையையும் பார்த்தது. ஒன்றும் இல்லை. பல மாதம் கழித்து புனிதன் கையில் கொண்டைக்கடலை முளைத்தது.

"உம்மேல மட்டும் ஏன் சந்தேகம்? சேவலப் பத்தி ஏதாச்சும் வாய விட்டியா?" அக்கா கேட்டார்.

புனிதன் தலையைச் சொறிந்தான். "காணாம போறதுக்கு முன்னாடி, மெளகு போட்டு வறுத்தா முனியே எறங்கி வந்து ரெண்டாவது தடவ சோறு கேப்பாருன்னு சொன்னேன்."

"யாரு முன்னாடி?"

"எல்லாரு முன்னாடியும்தான்."

"நல்ல வாய்," என்றேன். "கைக்குப் பதிலா அதுல கட்டி வந்திருக்கலாம்."

தனுஜா என்னை முறைத்தாள். "டாக்டர் பாத்துட்டாரு அக்கா. எப்பவோ ஏதோ ஒண்ணு ஆழமா குத்தியிருக்கு. குத்தறப்போ மேல் தோலு துளியூண்டு உள்ள போயிருது. வெளிய புண்ணு ஆறிரும். உள்ள போனது மாசக்கணக்கா மெதுவா வளந்து கட்டியாயிரும். விரல இழுக்கிற நாண் இருக்குல்ல, அது மேல ஒக்காந்திருக்கு. அதான் மடக்கினா கூடவே நகருது. கெட்ட கட்டி இல்ல. சின்ன ஆப்பரேஷன்ல எடுத்துரலாம்."

"அப்போ டாக்டரே சொல்லிட்டாரு. கேஸ் முடிஞ்சு போச்சு," என்றேன் சந்தோஷமாக.

"என்னா முடிஞ்சுச்சு? 'ஏதோ குத்தியிருக்கு'ன்னு வீட்டுல போய்ச் சொன்னேன். 'அதான் தெரியுதே, சேவல் முள்ளு'ங்கிறாங்க எங்கம்மா!"

தாஹிராக்கா தேநீரை ஒரு வாய் குடித்தார். "சரி புனிதா. என்னாதான் குத்துச்சு?"

புனிதன் தனுஜாவைப் பார்த்தான். பிறகு விட்டத்தைப் பார்த்தான்.

"ரோஜா முள்ளு."

"என்னா ரோஜா?" இது தனுஜா.

"திரிங்காப்ல பூந்தோட்டத்துக்கு லோரி ஏத்த போனேன்ல..."

"எனக்கு நீங்க ரோஜாவே குடுத்ததில்லையே. யாருக்கு அந்த ரோஜா?"

"உனக்குத்தான் லா! ஒண்ணே ஒண்ணு சட்டைப் பையில வெச்சேன். மோட்டர்ல மழையில வந்தேன். ரிங்லெட் வர்றதுக்குள்ள காம்புதான் மிச்சம். காம்ப எப்படிக் குடுக்கிறது?"

"காம்பயாவது குடுத்திருக்கலாம்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே காம்பக் குடுத்தா, இவன் நமக்கு வேணாம்னு போயிருவ."

"அலாமா," என்றார் தாஹிராக்கா. "சண்டைய மண்டபத்துல வெச்சுக்குங்க. ராஜு, உன் ஹெல்மெட்ட எடு."

எடுத்தேன்.

"இதான் சேவல்." மேசையிலிருந்த முள்கரண்டியை எடுத்து ஹெல்மெட்டின் பட்டையில் செருகினார். "இதான் அதோட கால் முள்ளு. புனிதா, திருடு."

புனிதன் பட்டையைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். முள்கரண்டி நேராக அவன் உள்ளங்கையை, அந்தக் கொண்டைக்கடலைக்குப் பக்கத்திலேயே குத்தியது.



"அக்கா," என்றாள் தனுஜா மெல்ல, "நீங்க எங்க பக்கம்தானே?"

"ரோஜாக் காம்பப் புடிச்சாலும் உள்ளங்கைதான். சேவல் காலப் புடிச்சாலும் உள்ளங்கைதான். உன் கையால ஒண்ணும் தெரியல புனிதா. ராஜு, நீ தூக்கு."

எனக்குச் சேவலென்றால் பயம் கிடையாது. சேவலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும்தான் பயம். எங்கள் வீட்டில் தூக்குவதுபோல ஹெல்மெட்டை இடது கக்கத்தில் அணைத்து, உதைக்கிற காலை அடக்க வலது கையால் பட்டையைத் தட்டிக்கொடுத்தேன். முள்கரண்டி என் புறங்கையில் இறங்கியது.

"ஆ!"

"நீ உருப்படமாட்ட," என்றார் அக்கா. "இது திருடன் புடிக்கிற புடியா? வளத்தவன் புடிக்கிற புடி. வா, மோட்டர எடு. காளியம்மாவைப் பாத்துட்டு வரலாம்."

"கரண்டி குத்தினா கட்டி வருமா அக்கா?"

"தோலுக்குள்ளயே போகல. எடு லா."

தேயிலை மேட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தபடி ஏறினேன். அக்கா பின்னால் உட்கார்ந்து யோசித்தார். நான் முன்னால் உட்கார்ந்து கவலைப்பட்டேன். முனியாண்டி கோயில் மரத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, 'நான் வெறும் டிரைவர்தான் சாமி' என்று மனதுக்குள் தெரிவித்துவிட்டு ஏறினேன்.

காளியம்மா வாசலிலேயே நின்றார். தடித்த சுவெட்டர். வலது கையில் ஒரு துண்டைச் சுற்றி மார்போடு சேர்த்து வைத்திருந்தார்.

"வாங்க தாஹிராம்மா. என் மக சொல்லித்தான் வந்திருப்பீங்க. அந்தப் பய நல்லவன்னு சொல்ல வந்திருந்தா, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பிருங்க."

"தேத்தண்ணி போதும்," என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எனக்கு இடமில்லை. கதவோரம் கிடந்த சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"அதுல ஒக்காராத!" காளியம்மா அலறிய அலறலில் நான் எழுந்து கும்பிட்டேவிட்டேன். பிறகு நின்றுகொண்டே இருந்தேன்.

தேநீர் வந்தது. எனக்கு டம்ளரை நீட்டினார். இடது கையால்.

சுருக்கென்றது. கடல் தாண்டி வந்தவனுக்கு இந்த வீட்டில் இடது கைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தே கலக்குகிறவன் என்பதால் இருக்குமோ? அடுத்த டம்ளர் தாஹிராக்காவுக்கு. அதுவும் இடது கை. அக்கா புன்னகையோடு வாங்கிக்கொண்டார். எனக்கு மனசு ஆறியது. அவமானத்தில் பங்கு கிடைத்தால் பாதிதான்.

"கைக்கு என்னா?" அக்கா கேட்டார்.

"வாதம் லா. மலைக் குளிரு."

"கிளினிக்ல மக இருக்காளே. காட்டலாமே?"

"அவளுக்கு ஆயிரம் வேல."

அக்கா தலையாட்டினார். முற்றத்தைப் பார்த்தார். கூண்டு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கோழி ஒன்றுகூட இல்லை.

"அதுக்கப்புறம் கோழியே வளக்கல போல?"

"மனசு வரல தாஹிராம்மா. ஒரு றெக்ககூட வீட்டுல கெடையாது."

"ராஜு, திரும்பு."

திரும்பினேன். என் கால்சட்டையின் பின்பக்கத்திலிருந்து எதையோ கிள்ளி எடுத்தார். மஞ்சளாக, சின்னதாக.

"என்னா இது?"

"உடைச்ச சோளம்," என்றேன். "கோழிக்குப் போடறது. புதுசு அக்கா, மாவுகூட உதிரல."

காளியம்மா சாக்கு மூட்டைக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றார். "அது, அது புறாவுக்கு."

"இந்தக் குளிர்ல புறாவா?" என்று ஆரம்பித்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"ராஜு, உன் பர்ஸ்ல உங்கம்மா குடுத்து விட்ட பழனி விபூதி இருக்குல்ல? அம்மாவுக்குக் கொஞ்சம் குடு. பூச நேரத்துல வீடு தேடி வந்திருக்கு."

பர்ஸில் பர்மிட்டுக்கும் விபூதிக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். "பழனி மலைலேருந்து வந்தது அம்மா."

காளியம்மாவின் இடது கை பாதிவரை வந்தது. நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். விபூதியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தேநீரை இடது கையால் கொடுத்துவிடலாம். அதற்கு வாதம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பழனியாண்டவர் விபூதியை இடது கையில் வாங்கிய தமிழச்சி இந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை.

துண்டு நழுவியது. வலது கை வெளியே வந்தது.

விபூதியை எடுக்க விரலை மடக்கினார். புறங்கையில், நடு விரலுக்குப் பின்னால், தோலுக்குள் ஒரு உருண்டை எழுந்து நகர்ந்தது. புனிதனுடையது கொண்டைக்கடலை என்றால், இது நாவல் கொட்டை.

"முருகா!" என்று கத்தியது காளியம்மா இல்லை. நான்தான்.

தாஹிராக்கா குரலை உயர்த்தவே இல்லை. "உள்ளங்கையில இல்ல ராஜு. பாத்தியா? புறங்கை. கக்கத்துல அணைச்சு, கால தட்டிக் குடுத்த கை. திருடன் சேவலத் தலைகீழாத் தூக்குவான். கொஞ்சறவங்கதான் இப்படிக் குத்து வாங்குவாங்க. காளியம்மா, கங்காணி எங்க? நல்லா சோளம் தின்னுட்டு இருக்கா?"

காளியம்மா அப்படியே என் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"திரிங்காப்ல. எந்தங்கச்சி ஜெயா வீட்டுல. இப்ப ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுது. சோளம் நாந்தான் அனுப்பறேன்."

"ஏன்மா?"

"வெட்டறதுக்குத்தான் வளத்தேன். சத்தியமா வெட்டறதுக்குத்தான். ராத்திரி இடி இடிச்சா எங்காலுக்குள்ள வந்து படுத்துக்கும் தாஹிராம்மா. ஊரையே வெரட்டும், நான் கூப்பிட்டா கொழந்த மாதிரி வரும். பூசைக்கு மொத நாளு கத்திய தீட்டுற சத்தம் கேட்டுச்சு. கை கால் ஓடல. தூக்கிட்டுப் போய் காய்கறி லோரியில ஏத்தி விட்டேன். அந்த ஹார்ன் சத்தத்துல மெரண்டு ஒதச்சிருச்சு. முனிக்கு நேர்ந்தத முனிக்கே குடுக்கலன்னு லயத்துல எப்படிச் சொல்றது? கருப்பையாண்ணே முகத்துல எப்படி முழிக்கிறது? காணோம்னு சொல்லிட்டேன். பறிகுடுத்தவன்னு எங்கைய மட்டும் யாரும் பாக்கல."

"சரி. அப்போ அந்தப் புள்ள மேல எப்படிமா பழிய போட்டீங்க?" எனக்கே கோபம் வந்துவிட்டது. "கங்காணிய எடுத்தது நீங்கன்னு உங்களுக்குத் தெரியுமே!"

காளியம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எனக்கு வந்தது ஏன்னு எனக்குத் தெரியும் தம்பி. நான் முனிய ஏமாத்துனேன், முனி குத்திருச்சு. சரி. அவனுக்கு ஏன் வந்துச்சு? முனி சும்மா குத்துமா? அவனும் எதையோ எடுத்திருக்கான்! எதைன்னுதான் தெரியல. அப்பேர்ப்பட்டவனுக்குப் பொண்ணக் குடுப்பேனா?"

தாஹிராக்கா டம்ளரைக் கீழே வைத்தார். 

"எடுத்தது உண்மதான்மா," என்றேன் நான். "உங்க மகள."

அக்கா எழுந்தார். "அம்மா, இது முனி வேல இல்ல. எது குத்தினாலும் வரும். சேவல் முள்ளு குத்தினாலும், ரோஜா முள்ளு குத்தினாலும். உங்க மகளே வெவரமா சொல்லுவா. நாளைக்கு அந்தப் பையன் தப்பே பண்ணாம நெருப்புல கைய வைக்கப் போறான். நீங்க சொல்லணும்."

"அத்தன பேரு முன்னாடியா? என்னால முடியாது லா. செத்துருவேன்."

"நான் சொல்ல மாட்டேன். ராஜுவும் சொல்ல மாட்டான்."

"நான் கண்டிப்பா சொல்ல மாட்டேன்," என்றேன். முனியாண்டி விவகாரத்தில் வெளிநாட்டுக்காரன் தலையிடக் கூடாது.

"உங்க கையி, உங்க வாயி," என்று சொல்லிவிட்டு அக்கா ஹெல்மெட்டை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் மரத்தடியில் சாம்பிராணியும் பனியும் கலந்து யார் முகமும் தெரியவில்லை. முனியாண்டிக்குச் சுருட்டு, சாராயம், எலுமிச்சை எல்லாம் வைத்தாகிவிட்டது. கருப்பையா வேப்பிலையோடு நின்றார். தாஹிராக்கா ரோட்டோரத்தில் குடை பிடித்தபடி நின்றார். புனிதன் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தான். குளிருக்கா, நெருப்புக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

காளியம்மாவைக் காணவில்லை.

"எங்கம்மா எங்க அக்கா?" தனுஜா ரோட்டோரத்துக்கு ஓடி வந்தாள்.

"வருவாங்க," என்றார் அக்கா. ஆனால் ரோட்டு வளைவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கருப்பையா தாம்பாளத்தில் கற்பூரத்தைக் குவித்துப் பற்ற வைத்தார். நெருப்பு எழுந்தது. "சேவல நான் எடுக்கலன்னு சொல்லி அணை."

புனிதன் கொண்டைக்கடலைக் கையை நீட்டினான்.

நான் வாயைத் திறந்தேன். பர்மிட் போனால் போகட்டும் என்று உண்மையிலேயே திறந்தேன். அதற்குள் கீழே வளைவில் ஒரு ஹார்ன். திரிங்காப் காய்கறி லாரி ஒன்று முக்கி முனகி ஏறி வந்தது. முன் சீட்டில் காளியம்மா. அவர் கக்கத்தில், மைனர் மாதிரிக் கொண்டையைச் சாய்த்துக்கொண்டு, கங்காணி.

"மாப்ள! கைய எடு!"

புனிதன் கையை எடுத்தான். காளியம்மா கதவைத் திறக்க முடியாமல் தவித்தார். பக்கத்தில் நின்றவன் நான். "புடி தம்பி," என்று சேவலை என்னிடம் தள்ளிவிட்டு இறங்கினார். லாரி புகையைக் கக்கியது. கங்காணி மிரண்டது. மேற்கொண்டு என்ன நடந்தது என்பதை என் புறங்கைதான் சொல்ல வேண்டும். நான் கத்திக்கொண்டே சேவலைக் கீழே விட்டேன். அந்தக் கூட்டத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாரும் காளியம்மாவைத்தான் பார்த்தார்கள். அவர் துண்டை உருவி எறிந்துவிட்டு வலது கையை மரத்துக்கு நேராக உயர்த்தினார்.

"பாருங்க! எடுத்தது நாந்தான். நேர்ந்துட்டு, வெட்ட மனசு வராம ஒளிச்சு வெச்சேன். முனி எங்கையிலதான் குத்துனாரு. அந்தப் புள்ளய விட்ருங்க."

 கருப்பையா வேப்பிலையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். மறுபடி வலது கைக்கு மாற்றினார். "நேர்ந்தது நேர்ந்ததுதான் காளியம்மா. முனிக்குச் சேர வேண்டியது சேரணும்," என்று கங்காணியை நோக்கி ஓர் அடி வைத்தார்.

கங்காணி அவரை நோக்கி மூன்று அடி வைத்தது.

பூசாரி பீடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். சேவலும் சுற்றியது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் சுற்று ஓடும்போது அவர் மூச்சு வாங்கியபடி தீர்ப்புச் சொன்னார்: "விட்டுருவோம்! உயிரோடயே விட்டுருவோம்! முனிக்குக் காவலா இங்கயே இருக்கட்டும்!" கங்காணி பீடத்தில் ஏறி, சாராய பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை கூவியது. அன்றிலிருந்து அந்தக் கோயிலில் யாரும் செருப்போடு நுழைவதில்லை. நிதானமாகவும் நுழைவதில்லை.

தனுஜா அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அழுதாளா, திட்டினாளா என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே வாயில் வந்தது. "இத்தன மாசமா மறைச்சியாம்மா? நான் கிளினிக்ல எதுக்கு இருக்கேன்? வர்ற வாரமே ரெண்டு பேரும் வர்றீங்க. ஒரே நாள்ல ரெண்டு கட்டியும் எடுத்தாகணும்."

"எடுக்கலாம்," என்ற காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புனிதன் பக்கம் திரும்பினார். "மாப்ள, நான் பண்ணது தப்புதான். மன்னிச்சுரு. ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். உனக்கு எது குத்துச்சு?"

"ரோஜா முள்ளு அத்த."

"ரோஜாவா? யாருக்கு?"

தாஹிராக்கா என் தோளைத் தட்டினார். "மோட்டர எடு ராஜு. இந்தக் கேஸ நம்மளால முடிக்க முடியாது."

திங்கட்கிழமை காலையில் கடையில் கூட்டம். நான் தே ஆற்றி, மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். நாலாம் மேசையில் ஒரு பெரியவர் டம்ளரை வாங்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் கையில தம்பி குடுக்கிற? வீட்டுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

என் வலது கை ஏப்ரனுக்குள் இருந்தது. ராத்திரி முழுக்க அதை டார்ச் அடித்துப் பார்த்ததில் தூக்கம் இல்லை. விரலை மடக்கினால் எதுவும் நகரவில்லை. இப்போதைக்கு.

கடைசி மேசையிலிருந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தாஹிராக்காவின் குரல் வந்தது.

"அவன ஏசாதீங்க லா. சாட்சி மொளைக்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கான்."